மறைந்த நண்பருக்கு ஒரு ட்ரியோ: ரஷ்யப் பயணக் குறிப்புகள்

நவம்பர் 4, சென்ட் பீட்டர்ஸ்பர்க்

பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று வாத்தியங்களுக்காக ரஷ்ய இசையமைப்பாளர்கள் எழுதிய ட்ரியோக்களில் மிகச் சிறந்தவை இறந்துபோன ஒருவரின் நினைவாக எழுதப்பட்டவை. 1882இல் சைக்கோவ்ஸ்கி தம் நண்பர் நிக்கொலாய் ரூபின்ஸ்டைனுக்காக எழுதினார். 1893இல் சைக்கோவ்ஸ்கி மறைந்தபோது, இருபது வயது ரஹ்மானினவ் அவருக்காக எழுதினார். அடுத்த ஆண்டு அரென்ஸ்கி, செல்லோ மேதை கார்ல் தவீதவின் நினைவுக்கு ஒன்றை எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 1944இல், ஷோஸ்தகோவிச் தம் நெருங்கிய தோழர் இவான் சொல்லெர்தீன்ஸ்கிக்காக எழுதினார். தம்மைப் புரந்த மன்னனோ உடன் பழகிய வள்ளலோ மறைந்தபோது சங்கப் புலவர்கள் பாடியவற்றைக் கையறுநிலை என்று தனித் துறையாகவே நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. அதற்கு இணையான ஒரு துறையை ரஷ்யர்கள் இந்த மூன்று வாத்தியங்களுக்குள் வளர்த்தெடுத்தார்கள் என்று நான் நெடுநாளாக நம்பி வருகிறேன். அந்த இசையை அது பிறந்த ஊர்களிலேயே கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம்.

ட்ரியோ போன்ற சிறு குழு இசையைச் சேம்பர் இசை என்பார்கள். இதுவரை அதைக் கேட்டிராதவர்களுக்காக ஒரு விளக்கம். இதில் நடத்துநர் கிடையாது. சிம்பொனியில் பல வயலின்கள் ஒரே வரியை வாசிக்கும். இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கலைஞர். ஒருவர் தயங்கினால் மறைத்துக்கொள்ள இடமில்லை என்பதோடு, யார் யாரைப் பார்க்கிறார், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதும் கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும்.

பிற்பகலில் நேவ்ஸ்கி பெருஞ்சாலைக்குச் சென்று, பில்ஹார்மோனியா என்னும் இசை நிறுவனத்தின் சிறிய அரங்கில் நாளை மறுநாள் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கினேன். ரஹ்மானினவின் முதல் ட்ரியோ, ஷோஸ்தகோவிச்சின் இரண்டாம் ட்ரியோ, இடைவேளைக்குப் பின் சைக்கோவ்ஸ்கியின் ட்ரியோ என்பது நிகழ்ச்சி நிரல். நவம்பர் 6 சைக்கோவ்ஸ்கி மறைந்த நாள் என்பதால், இந்தத் தேதியை முன்வைத்தே பயணத்தைத் திட்டமிட்டிருந்தேன்.

நவம்பர் 5, சென்ட் பீட்டர்ஸ்பர்க்

காலையில் அலெக்சாந்தர் நேவ்ஸ்கி மடத்தின் வாயிலருகே உள்ள திக்வின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றேன். தமிழ் வாசகர்கள் பலர் இங்கே முதலில் தேடுவது தஸ்தயேவ்ஸ்கியைத்தான். நானும் அவர் முன் சற்று நேரம் நின்றேன். பிறகு இசையமைப்பாளர்கள் இருக்கும் பகுதிக்கு நடந்தேன். கிளிங்கா, முசோர்க்ஸ்கி, போரதின், ரிம்ஸ்கி-கோர்சகவ், பலாகிரெவ் என்று ஒரு நாட்டின் இசை வரலாற்றில் பெரும்பகுதி சில நிமிட நடைக்குள் அடங்கிக் கிடக்கிறது. போரதினின் நினைவுச் சின்னத்தில் அவருடைய மெட்டுகளின் இசைக்குறிகளே பதிக்கப்பட்டிருக்கின்றன.

சைக்கோவ்ஸ்கியின் கல்லறையில் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் பின்னால் சிறகு விரித்த தேவதை சிலுவையுடன் நிற்க, கீழே இன்னொரு தேவதை அமர்ந்து இசைத்தாளை வாசித்துக்கொண்டிருக்கிறது. யாரோ வைத்துவிட்டுப் போன புதிய மலர்கள் இருந்தன. அதே தோட்டத்தில் அரென்ஸ்கியும் இருக்கிறார். அவரைத் தேடி வருபவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம் தந்தது. ரிம்ஸ்கி-கோர்சகவிடம் பயின்று, மாஸ்கோ கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியில் ரஹ்மானினவுக்கும் ஸ்க்ரியாபினுக்கும் ஆசிரியராக இருந்த அவர் 1906இல் நாற்பத்தைந்தாம் வயதைத் தாண்டாமலே மறைந்தார். அவருடைய முதல் ட்ரியோவில், செல்லோக் கலைஞரான தவீதவின் நினைவாக, செல்லோவுக்குத் தரப்பட்டிருக்கும் இடம் மிகப் பெரியது; 'எலிஜி' (இரங்கற்பா) என்றே பெயரிடப்பட்ட மூன்றாம் பகுதியில், ஒலியடக்கி பொருத்திய செல்லோதான் மெட்டைத் தொடங்கி வைக்கிறது. மறைந்தவர் வாசித்த வாத்தியத்துக்கே இரங்கலின் முதல் சொல்லைக் கொடுப்பது இந்த மரபின் மிக நுட்பமான மரியாதை என்று கருதுகிறேன். நாளைய நிகழ்ச்சியில் இந்தப் படைப்பு இல்லை.

நவம்பர் 6, சென்ட் பீட்டர்ஸ்பர்க்

மாலை ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஆறு மணிக்கே போய்விட்டேன். நேவ்ஸ்கி பெருஞ்சாலை மெட்ரோ நிலையத்தின் ஒரு வாயில் அரங்கு இருக்கும் கட்டடத்திலேயே திறக்கிறது. ஏங்கல்கார்ட் மாளிகை என்று அழைக்கப்படும் இந்த வீட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பெரிய கச்சேரிகள் நடந்தன. ஜெர்மன் பியானோக் கலைஞர் கிளாரா ஷூமன் வாசித்த அரங்கு இது. 1941இல் குண்டு வீச்சில் சிதைந்து, போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டு, இன்று கிளிங்காவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாசலில் நின்று கால்வாய்க்கு அப்பால் பார்த்தால் கசான் பேராலயத்தின் தூண் வரிசை தெரிகிறது. 1893 நவம்பரில் சைக்கோவ்ஸ்கியின் இறுதிச் சடங்கு அந்தப் பேராலயத்தில்தான் நடந்தது.

மேலங்கியைக் கீழ்த்தளத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் அரங்குக்குள் நுழைய வேண்டும் என்பது ரஷ்யாவில் எல்லா அரங்குகளிலும் உள்ள ஒழுங்கு. மூன்று முறை மணி அடித்த பிறகு கதவுகள் மூடப்படுகின்றன. வெண்ணிறத் தூண்களும் சரவிளக்குகளும் உள்ள சிறிய கூடம் நிறைந்திருந்தது. முதியவர்களும் இசை மாணவர்களும் சம அளவில் இருந்தார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மையார் சைக்கோவ்ஸ்கி ட்ரியோவின் இசைநூலையே மடியில் விரித்து வைத்திருந்தார்.

ரஹ்மானினவின் முதல் ட்ரியோ 1892 ஜனவரியில், அவருக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, நான்கே நாட்களில் எழுதப்பட்டது. அது அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1947இல். ஒரே பகுதியாக அமைந்த இந்தப் படைப்பில் தந்தி வாத்தியங்கள் மெல்லிய அசைவொன்றைத் தொடங்க, அதன் மேல் பியானோ ஒரு துயர மெட்டை எடுக்கிறது. கடைசியில் அதே மெட்டு சவ ஊர்வல நடையாக மாறி முடிகிறது. அப்போது யாரும் இறந்திருக்கவில்லை. சைக்கோவ்ஸ்கி உயிரோடு இருந்தார். ஆயினும் இளைஞர் ரஹ்மானினவ், சைக்கோவ்ஸ்கியின் ட்ரியோவைக் கேட்டு, இந்த மூன்று வாத்தியங்களும் சேர்ந்தால் துக்கத்தைத்தான் பேசும் என்று முன்கூட்டியே கற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய கலைஞர்கள் இதை மிக மெதுவாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டம் இருந்திருக்கலாம் என்று பட்டது. பதினெட்டு வயதுக்காரரின் துயரத்தில் வேகமும் உண்டு.

அடுத்து ஷோஸ்தகோவிச். இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும்.

சொல்லெர்தீன்ஸ்கி லெனின்கிராத் (சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் சோவியத் காலப் பெயர்) பில்ஹார்மோனியாவின் கலை இயக்குநராக இருந்தவர். பல மொழிகள் அறிந்தவர். ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் இசைக்குள் ஷோஸ்தகோவிச்சை அழைத்துச் சென்றவர். போரின்போது பில்ஹார்மோனியா நோவசிபீர்ஸ்குக்கு இடம் பெயர்க்கப்பட்டது. அங்கே 1944 பிப்ரவரி 11ஆம் தேதி, நாற்பத்தொரு வயதில், அவர் திடீரென்று இறந்தார். ஷோஸ்தகோவிச் அதற்கு முன்பே தொடங்கியிருந்த ட்ரியோவின் முதல் பகுதி, மரணச் செய்தி வந்த சில நாட்களில் முடிந்தது. முழுப் படைப்பும் அந்த ஆகஸ்டில் நிறைவுற்றது. லெனின்கிராதின் முற்றுகை முழுமையாக நீங்கிய அதே 1944ஆம் ஆண்டு, நவம்பர் 14 அன்று, அந்த நகரிலேயே அது முதன்முதலாக இசைக்கப்பட்டது. பியானோவில் அமர்ந்தவர் ஷோஸ்தகோவிச்; வயலின் சிகானவ், செல்லோ ஷிரீன்ஸ்கி.

படைப்பின் முதல் ஒலி செல்லோவிலிருந்து வருகிறது. ஆனால் அது செல்லோவின் ஒலியாகக் கேட்பதில்லை. கலைஞர் விரலைத் தந்தியின் மேல் அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்து வில்லை இழுக்கும்போது எழும் ஹார்மோனிக்ஸ் எனப்படும் சீழ்க்கை போன்ற ஒலி. அதிலும் ஒலியடக்கி பொருத்தி வாசிக்கப்படுகிறது. அதன் பின் வயலின் அதே மெட்டைச் செல்லோவுக்குக் கீழே எடுக்கிறது. மூன்றாவதாகப் பியானோ மந்தர ஸ்தாயியின் அடியில் நுழைகிறது. ஆழத்தில் ஒலிக்க வேண்டிய செல்லோ உச்சியிலும், உயரத்தில் ஒலிக்க வேண்டிய வயலின் நடுவிலுமாக, மூன்று வாத்தியங்களின் இயல்பான அடுக்கும் தலைகீழாகிவிடுகிறது. உலகத்தின் ஒழுங்கு ஒரு மரணத்தால் கலைந்துபோனதை இதைவிடக் குறைந்த சுரங்களில் யாரும் சொன்னதில்லை. இன்றைய செல்லோக் கலைஞர் அந்தத் தொடக்கத்தை ஓர் அதிர்வும் சேர்க்காமல் வெறுமையாக வாசித்தார். அரங்கில் சிலர் தம் மூச்சையே அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

இரண்டாம் பகுதி ஆவேசமான துள்ளல். சொல்லெர்தீன்ஸ்கியின் குணச்சித்திரம் இதில் இருப்பதாக அவருடைய சகோதரி கருதியதாகச் சொல்வார்கள். விரைவான பேச்சும் கூர்மையான சிரிப்பும் உடைய ஒருவரை இதில் கேட்பது கடினமல்ல. மூன்றாம் பகுதியில் பியானோ எட்டுச் சுரக்கூட்டுகளைக் கல் தூண்களை நடுவதுபோல் ஒவ்வொன்றாக வைக்கிறது. அந்த எட்டும் மாறாமல் திரும்பத் திரும்ப வர, அவற்றின் மேல் வயலினும் செல்லோவும் மாறி மாறிப் புலம்புகின்றன. கீழே மாற்ற முடியாத ஒன்று, மேலே ஆற்றிக்கொள்ள முடியாத இருவர்: இந்தப் பகுதியின் அமைப்பு இவ்வளவுதான். பியானோ வாசித்த மூத்த பெண் கலைஞர் எட்டுக்கும் சமமான கனம் கொடுத்தார். எந்த ஒன்றையும் அழுத்தி நம்மை நெகிழவைக்க முயலவில்லை. அதற்காக அவரை வணங்குகிறேன்.

இடைவெளியின்றித் தொடரும் நான்காம் பகுதியில் யூத நாட்டார் இசையின் சாயல் கொண்ட ஒரு நடன மெட்டு வருகிறது. தந்தியை விரலால் சுண்டி வயலின் அதைத் தொடங்கும்போது கிட்டத்தட்ட விளையாட்டாகத் தோன்றுகிறது. போகப் போக அது தாங்க முடியாத ஓலமாகிவிடுகிறது. படைப்பு முடிவடைந்த கோடையில்தான் சோவியத் செஞ்சேனை போலந்தில் இருந்த மைதானெக் நாஜி வதைமுகாமை விடுவித்திருந்தது. தனி ஒரு நண்பருக்காகத் தொடங்கிய இரங்கல், பெயர் தெரியாத பல்லாயிரம் பேருக்கானதாக இங்கே விரிகிறது என்று பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே கேட்கிறேன். இதே மெட்டை ஷோஸ்தகோவிச் 1960இல் தம் எட்டாம் நால்வர் இசையில் மீண்டும் கையாண்டார். இறுதியில் மூன்றாம் பகுதியின் சுரக்கூட்டுகள் திரும்பி வந்து, எல்லாம் மிக மெலிதாக அடங்குகிறது. கைதட்டல் எழச் சற்று நேரம் பிடித்தது.

இடைவேளைக்குப் பிறகு சைக்கோவ்ஸ்கியின் ட்ரியோ. இதன் பின்னணி வியப்பானது. சைக்கோவ்ஸ்கிக்கு இந்த வாத்தியச் சேர்க்கையே பிடிக்காது. 1880இல் அவருடைய புரவலரான நதேழ்தா ஃபன் மெக் அம்மையாரின் வீட்டில் ஒரு ட்ரியோக் குழு இருந்தது. அதில் பியானோ வாசித்தவர் பின்னாளில் பெரும் பிரெஞ்சு இசையமைப்பாளரான, அப்போது பதின்ம வயதில் இருந்த டெபுஸ்ஸி. தம் குழுவுக்காக ஒரு ட்ரியோ எழுதித் தரும்படி அம்மையார் கேட்டபோது, பியானோவின் ஒலியும் தந்தி வாத்தியங்களின் ஒலியும் தம் செவிக்கு ஒட்டுவதே இல்லை என்று சைக்கோவ்ஸ்கி மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச் 23 அன்று நிக்கொலாய் ரூபின்ஸ்டைன் பாரிசில் காசநோயால் இறந்தார். அந்த ஆண்டின் டிசம்பரில் ரோமில் தங்கியிருந்த சைக்கோவ்ஸ்கி, தாம் மறுத்த அதே வடிவத்தை எடுத்து, "ஒரு மாபெரும் கலைஞரின் நினைவுக்கு" என்ற காணிக்கையோடு எழுதத் தொடங்கினார்.

மனத்தை மாற்றியது எது என்று பலவிதமாகச் சொல்வார்கள். என் கருத்தில் விடை பியானோவில் இருக்கிறது. ரூபின்ஸ்டைன் பெரிய பியானோக் கலைஞர். இளம் சைக்கோவ்ஸ்கிக்கு மாஸ்கோவில் வேலையும் தங்க இடமும் கொடுத்தவர் அவர். 1874இல் சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை (தனிப் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கடுமையாகப் பழித்தவரும், பின்னர் அதே கான்செர்ட்டோவை மேடையேற்றி வாசித்தவரும் அவரே. அப்படிப்பட்டவருக்கான இரங்கலில் பியானோ இல்லாமல் முடியாது. அதே சமயம் தனிப் பியானோவாலும் முடியாது, ஏனென்றால் அழுவதற்கு இன்னும் சிலர் உடனிருக்க வேண்டும். அதனால்தான் இந்த ட்ரியோவில் பியானோவின் பங்கு ஒரு கான்செர்ட்டோவின் அளவுக்குக் கனமாக இருக்கிறது.

முதல் பகுதியில் பியானோவின் அலையசைவின் மேல் செல்லோ முதலில் பேசுகிறது, பிறகு வயலின். இரண்டாம் பகுதி எளிய ஒரு மெட்டும் அதன் வேறுபாடுகளும்: இசைப்பெட்டி போன்ற ஒன்று, வால்ட்ஸ் ஒன்று, ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃபியூக் ஒன்று, மசூர்க்கா என்னும் போலந்து நடனம் ஒன்று என்று அது விரிகிறது. ஒவ்வொரு வேறுபாடும் ரூபின்ஸ்டைன் வாழ்வின் ஒரு நிகழ்ச்சி என்று விமர்சகர்கள் பொருள் சொன்னபோது சைக்கோவ்ஸ்கிக்கே அது வேடிக்கையாக இருந்தது. அப்படி எதையும் சித்திரிக்கும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்று எழுதினார். ஃபியூக் பகுதியைப் பல குழுவினர் விட்டுவிடுவது வழக்கம். இன்று அதையும் வாசித்தார்கள், வாசித்ததே சரி. அந்தக் கடினமான நடையைக் கடந்து வந்தால்தான் இறுதி வேறுபாட்டின் ஆரவாரம் பொருள் பெறுகிறது. அந்த ஆரவாரத்தின் உச்சியில் முதல் பகுதியின் துயர மெட்டு முழுப் பலத்தோடு திரும்பி விழுகிறது. பிறகு பியானோவில் சவ ஊர்வலத்தின் நடை மட்டும் எஞ்சுகிறது. அருகிலிருந்த அம்மையார் அந்தக் கட்டத்துக்கு வெகு முன்பே இசைநூலை மூடிவிட்டிருந்தார்.

மக்கள் மேடைக்கே சென்று மலர்களைக் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு கொத்தைப் பியானோக் கலைஞர் திரும்பவும் பியானோவின் மேலேயே வைத்தார்.

நவம்பர் 7, மாஸ்கோ வழியில்

சப்சான் ரயிலில் நான்கு மணி நேரத்தில் மாஸ்கோ வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் பிர்ச் மரங்கள், ஈர வயல்கள்.

நவம்பர் 8, கிளின்

மாஸ்கோவிலிருந்து வடமேற்கே சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில், பீட்டர்ஸ்பர்க் ரயில் பாதையிலேயே இருக்கும் சிற்றூர் கிளின். சைக்கோவ்ஸ்கி 1892 முதல் இறக்கும்வரை வாழ்ந்த மர வீடு 1894 முதலே அருங்காட்சியகமாக இருக்கிறது. பெரிய வரவேற்பறையின் நடுவில் பெக்கர் நிறுவனத்தின் பியானோ நிற்கிறது. அவருடைய பிறந்தநாளில் சிறந்த கலைஞர்களை அதில் வாசிக்கவைப்பது இங்குள்ள மரபு. படுக்கையறைச் சன்னலோரம் வண்ணம் பூசாத எளிய மர மேசை ஒன்று. ஆறாம் சிம்பொனி எழுதப்பட்ட இடம் அது.

1941 இறுதியில் ஜெர்மானியப் படை இந்த ஊரை மூன்று வாரங்கள் பிடித்து வைத்திருந்தபோது, கீழ்த்தளத்தில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தினார்கள். விலைமதிப்பற்ற பொருள்கள் அதற்கு முன்பே இசையமைப்பாளர் பிறந்த வோத்கின்ஸ்குக்கு அனுப்பப்பட்டிருந்ததால் தப்பின. ட்ரியோ இங்கே எழுதப்பட்டதல்ல. ஆனால் ரஹ்மானினவின் இரண்டாம் ட்ரியோவைப் புரிந்துகொள்ள இந்த வீடு உதவியது. கடைசி ஆண்டில் சைக்கோவ்ஸ்கி இளம் ரஹ்மானினவின் 'பாறை' என்ற ஆர்கெஸ்ட்ரா கற்பனையைக் கேட்டு மகிழ்ந்து, அதைத் தாமே மேடையில் நடத்துவதாகச் சொல்லியிருந்தார். 1893 அக்டோபரில் கிளினை விட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை.

நவம்பர் 9, மாஸ்கோ

காலையில் நோவதேவிச்சி கல்லறைத் தோட்டம். நிக்கொலாய் ரூபின்ஸ்டைனின் உடல் முதலில் தனீலவ் மடத்தில் புதைக்கப்பட்டுப் பின்னர் இங்கே மாற்றப்பட்டது. ஷோஸ்தகோவிச்சின் கல்லில் பெயரோடு, அவர் தம் பெயரின் எழுத்துகளிலிருந்து உருவாக்கிக்கொண்ட நான்கு சுரங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

மாலையில் கன்சர்வேட்டரியில் மாணவர்கள் ரஹ்மானினவின் இரண்டாம் ட்ரியோவை வாசித்தார்கள். சைக்கோவ்ஸ்கி இறந்த அன்றே தொடங்கி, டிசம்பர் நடுவில் ரஹ்மானினவ் முடித்த படைப்பு இது. 1894 ஜனவரியில் மாஸ்கோவில் முதன்முதலாக ஒலித்தபோது செல்லோ வாசித்தவர், சைக்கோவ்ஸ்கியின் நண்பரும் அவரிடமிருந்து ஒரு செல்லோப் படைப்பைக் காணிக்கையாகப் பெற்றவருமான பிரந்துகோவ். தொடக்கத்தில் பியானோவின் அடிச்சுரங்கள் படிப்படியாக இறங்குகின்றன. அதன் மேல் தந்தி வாத்தியங்கள் புலம்புகின்றன. இரண்டாம் பகுதி ஆசானின் ட்ரியோவைப் போலவே மெட்டும் வேறுபாடுகளும். அந்த மெட்டு, சைக்கோவ்ஸ்கி நடத்துவதாகச் சொன்ன 'பாறை'யிலிருந்து எடுக்கப்பட்டது. முதல் வடிவத்தில் ரஹ்மானினவ் அந்த மெட்டை ஹார்மோனியத்தில் ஒலிக்கச் செய்திருந்தார். பிறகு திருத்தியபோது அதைப் பியானோவுக்கே கொடுத்துவிட்டார். படைப்பு சில இடங்களில் நீளம்தான். எனினும் இழப்பு நேர்ந்த சில வாரங்களுக்குள் எழுதப்பட்டதில் அளவு பார்க்க என்னால் முடியவில்லை. மாணவர்களும் எங்கும் சுருக்காமல் வாசித்தார்கள்.

வெளியே வரும்போது, சிறிய அரங்கின் முன்கூடத்தில் இருக்கும் பளிங்குப் பலகையைப் பார்த்தேன். தங்கப் பதக்கம் பெற்ற மாணவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1875இல் தனேயெவ், 1892இல் ரஹ்மானினவும் ஸ்க்ரியாபினும். 1866இல் ரூபின்ஸ்டைன் நிறுவிய கன்சர்வேட்டரி இது. ரூபின்ஸ்டைனிடம் பியானோ கற்றவர் தனேயெவ். 1882 மார்ச் 23 அன்று, ஆசிரியர் மறைந்த முதல் ஆண்டு நிறைவில், சைக்கோவ்ஸ்கியின் ட்ரியோ கன்சர்வேட்டரியில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது பியானோவில் அமர்ந்தவரும் அவரே. இசையமைப்பாளர் அன்று இத்தாலியில் இருந்தார். தனேயெவிடம் பயின்றவர்களில் ரஹ்மானினவும் உண்டு, லெனின்கிராதில் ஷோஸ்தகோவிச்சுக்குப் பியானோ கற்பித்த லெயனீத் நிக்கொலாயெவும் உண்டு. அந்த நிக்கொலாயெவ் 1942இல் தாஷ்கந்தில் இறந்தார்; மறு ஆண்டு ஷோஸ்தகோவிச் அவர் நினைவுக்கு எழுதியது ட்ரியோ அல்ல, தனிப் பியானோவுக்கான இரண்டாம் சொனாட்டா.